பியூலா அக்கா பேசிய வசனம்

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் எடுப்பதில்லை. ஏழு வருடமாக இதுதான் பழக்கம். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் பூத் வரிசையில் நின்றிருந்தபோது ஏதோ ஒரு தரைவழி எண் இரண்டு முறை அழைத்தது. இரண்டு முறையும் வெட்டினேன். மூன்றாவது முறை அடித்தபோது பின்னால் நின்ற பெண்மணி, "உடா லோ, பஹன்ஜி", எடுத்துத் தொலையுங்களேன் என்று இந்தியில் எரிந்து விழுந்தார். வேறு வழியில்லாமல் எடுத்தேன். மலையாளம் கலந்த தமிழில் ஒரு நர்ஸ் பெண் பேசினாள். "சுகந்தி மேடமா? பியூலா சிஸ்டர் உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க. முதல்ல அடிக்கும்போ நினைவு இருந்தது. இப்போ இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். டியூட்டிக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கும்போது மாரடைப்பு. இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே நோயாளியாகக் கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார். அந்த நேரத்தில் என்னைக் கேட்டிருக்கிறார், நான் வெட்டிவிட்டேன். பாழாய்ப்போன பயம்! யாருக்குப் பயந்து ஏழு வருடமாக போனை வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் பியூலா அக்காவைப் பற்றி என்னால் ஒரு வரியும் எழுத முடியாது. அதனால் இது வழக்கமான அஞ்சலியாக இருக்காது. முகம் சுளிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அவரை நர்ஸாக அறிந்தவர்கள் பலர். தமிழ்த் திருச்சபையின் பாடகர் குழுவில் அறிந்தவர்கள் சிலர். மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியின் பிள்ளைகளுக்கு அவர் நரி. ஏன் நரி என்றால், குழந்தைகள் கார்ட்டூன் ஒன்றில் நரிக்குத் தமிழில் பேசியவர் அவர்தான். விடுமுறை நாளில் புண்ணுக்குக் கட்டுப்போடக் கேம்புக்குப் போனால், பிள்ளைகள் "நரி ஆன்ட்டி, நரி மாதிரி பேசுங்க" என்று சேலையைப் பிடித்து இழுக்கும். நரிக்குரலில் கதை சொல்லிக்கொண்டே டிஞ்சரைத் தடவிவிடுவார், பிள்ளைக்கு எரிவது பிறகுதான் தெரியும். கேம்பை இடித்த பிறகு, யார் யார் எங்கே போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வெயிலில் அலைந்தார்.

எனக்கு அவர் டப்பிங் தோழி. தில்லியில் தமிழ் டப்பிங்கா என்று சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் இங்கே ஆவணப்படங்களுக்கும் கார்ட்டூனுக்கும் தமிழ்க்குரல் வேண்டியிருக்கிறது. குரல் கொடுப்பவர்கள் நாங்கள்தான், அதாவது அரசாங்கக் குவார்ட்டர்ஸ் பெண்களும், நர்ஸுகளும், வங்கிக்காரர்களும். ஆளுக்கொரு ஜில்லாத் தமிழ். நான் மாயவரம், அவர் நாகர்கோவில். ஒலிப்பதிவு செய்யும் வினோத் பையாவுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அதனால் ஒருவர் கண்ணாடி அறைக்குள் நின்று பேசும்போது, இன்னொரு தமிழர் வெளியே வினோத் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலும் கையுமாக, தமிழ் சரியா என்று கேட்க வேண்டும். எனக்குக் காது பியூலா அக்கா, அவருக்குக் காது நான். "நீ பேசுகது தமிழா, பாட்டா? இப்பிடி இழுக்கே!" என்று ஹெட்ஃபோனில் கேலி செய்வார். "உங்க தமிழுக்கு மட்டும் அர்த்தம் புரியுதாக்கும்" என்பேன் நான். அப்படித்தான் எட்டு வருடம் வேலை செய்தோம்.

இனி நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒருவனோடு தொடர்பு இருந்தது. ஒன்றரை வருடம். என் கணவர் நல்லவர். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஏழுக்கு வருவார், ஃபைலைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். இது ஒரு காரணமா என்று கேட்டால், இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, போனேன். அவனும் டப்பிங்குக்கு வருபவன்தான். ஜனக்புரியில் வீடு, வங்கியில் வேலை, மனைவி, ஒரு குழந்தை. நல்ல கனத்த குரல். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவனுக்கு இன்னொரு பிடி கிடைத்துவிடும் என்று இப்போதும் தோன்றுகிறது.

போதும், விட்டுவிடுவோம் என்று நான் அவனிடம் சொன்ன மாதத்தில்தான் அந்தப் படம் வந்தது. வெளிநாட்டுப் படம், இணையத்தில் வெளியிடுவதற்கு. கல்யாணமான ஒருத்திக்கு இன்னொருவனோடு உறவு, அவள் விலகப் பார்க்கிறாள், அவன் விடவில்லை, பிறகு ஒவ்வொன்றாக நடக்கிறது. படுக்கையறைக் காட்சிகள் நிறைய. ஸ்டூடியோவுக்கு வழக்கமாக வரும் மாமிகள் இரண்டு பக்கம் படித்துவிட்டு, "ராம ராமா, பேத்தி பார்த்தா என்ன ஆறது" என்று எழுந்து போய்விட்டார்கள். நான் ஒப்புக்கொண்டேன். கதாநாயகிக்குப் பேச அதுவரை எனக்கு வாய்த்ததில்லை. வீட்டில் நதிகளைப் பற்றிய ஆவணப்படம் என்று பொய் சொன்னேன். காதலனுக்குப் பேசப்போவது அவன்தான் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. டப்பிங்கில் ஆளுக்கொரு நாள் தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம், எதிரில் நிற்க வேண்டியதில்லை. அதனால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

பியூலா அக்கா அதில் போலீஸ் அதிகாரிக்குப் பேசினார். "போலீஸ்காரி நல்லவதானே, அவளுக்கு வாய் கொடுத்தா என்ன பாவம்?" என்றார். என் பகுதிகளுக்குக் காதும் அவர்தான். முத்தச் சத்தத்துக்கு நாங்கள் எங்கள் புறங்கையிலேயே முத்தமிட்டுக்கொள்வோம், அதுதான் தொழில்முறை. முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு என் கைக்கு முத்தம் கொடுக்க, வெளியே அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எழுதி வந்த வசனம் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருந்தது. "சிறிது நேரம் இரு. அவர் வருவதற்கு ஏழு மணி ஆகும்." இதை எந்தப் பெண் சொல்லுவாள்? உன் வாய்க்கு வருகிறபடி சொல்லு என்று அக்கா சொன்னதால், "செத்த நேரம் இரேன். அவர் வர ஏழு மணியாயிடும்" என்றேன். அவர் பென்சிலால் டிக் போட்டார். நன்றாக வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு படத்தை நாங்கள் வரிசையாகப் பேசுவதில்லை. தொண்டைக்கு வலியான காட்சிகளைத் தனியாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் அந்தப் பெண் ஏரித் தண்ணீரில் அமுக்கிக் கொல்லப்படும் கடைசிக் காட்சியை நான் இரண்டாம் நாளே பேசிவிட்டேன். தண்ணீர் குடிக்கும் சத்தம், மூச்சுத் திணறல், எல்லாம். கதை எங்கே போய் முடியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்டூடியோ வாசலில் இருந்தபோது அவன் போன் செய்தான். "ஐம்பத்திரண்டாம் பக்கம் படிச்சியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். வசனத்தாளைப் பிரித்துப் பார்த்தேன். காதலன் அவளுடைய மகள் படிக்கும் பள்ளி வாசலில் நிற்கும் காட்சி. ஆட்டோ பிடித்து என் மகள் நித்யாவின் பள்ளிக்கு ஓடினேன். அவளுக்கு அப்போது பத்து வயது. கேட்டுக்கு வெளியே அவன் ஐஸ்கிரீம் வண்டிக்காரனோடு பேசிக்கொண்டு நின்றிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். நித்யா வந்து, "அம்மா, நீ ஏன் இவ்வளவு ஜல்தி வந்தே? ஏன் ஹாம்ப்தே ஹாம்ப்தே வர்றே?" என்றாள். நான் மூச்சு வாங்குவது எனக்கே கேட்கவில்லை.

பிறகு ஒரு வாரம் பக்க எண்கள் வந்துகொண்டே இருந்தன. எண்ணைத் தடுத்தால் வேறு எண்ணிலிருந்து வரும். திட்டவில்லை, மிரட்டவில்லை, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வெறும் பக்க எண். ஐம்பத்தைந்து என்றால் மெட்ரோவில் என் பெட்டியிலேயே ஏறி, முதுகுக்குப் பின்னால் நின்று, நான் இறங்கும்வரை பேசாமல் வருவான். போலீசுக்குப் போனால் என்ன சொல்வது? ஒரு ஆள் எனக்கு எண் சொல்கிறான் என்றா? முழுதும் சொன்னால் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். என் கணவருக்குத் தெரியும். நித்யாவுக்கு விவரம் தெரியும் வயது. சமையல்கட்டில் பிரஷர் குக்கர் விசில் அடித்தாலும் தூக்கிவாரிப் போடும் நிலைக்கு வந்துவிட்டேன். தொண்ணூற்றாறாம் பக்கம்தான் ஏரி.

அந்த வாரத்தில்தான் தொலைபேசிக் காட்சியைப் பேச வேண்டியிருந்தது. "இனிமே எனக்கு போன் பண்ணாதே" என்று அந்தப் பெண் கெஞ்சும் இடம். ஒரே டேக். வினோத் பையா கைதட்டினார், "கமால் கர் தியா, தீதி!" என்றார். பியூலா அக்கா கைதட்டவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி அறைக் கதவைத் திறந்து, என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். தெருமுனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எமர்ஜென்சில எத்தன வருஷமா நிக்கேன் தெரியுமா? பயந்தவளுக்க மூச்சு வேற, நடிக்கவளுக்க மூச்சு வேற. யாருட்டி அவன்?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் சிவந்துபோய்விட்டது அவருக்கு.

"நீ செஞ்சது தப்பு, கேட்டியா. உனக்க மாப்பிள்ள நல்ல மனுஷன். இத நான் செரின்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன்" என்றார். டீ ஆறும்வரை என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு, "அதுக்குன்னு தப்பு செஞ்சவள வெரட்டிக் கொல்லலாம்னு எவன் சொன்னான்? செரி, அழாத. மூக்கத் தொடை" என்றார்.

மறுநாளிலிருந்து எனக்குக் குரல் எழும்பவில்லை. இன்னும் பதினொரு வசனங்கள் பாக்கி. அக்கா என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். என் குரலில், என் மாயவரம் இழுப்போடு, பதினொன்றையும் பேசி முடித்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. வினோத் பையாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. "இதுல என்ன இருக்கு? கொஞ்சம் மூக்கு, கொஞ்சம் இழுவை, கொஞ்சம் அழுகை. அதான் சுகந்தி" என்றார் வெளியே வந்து. அந்த நாட்களில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு விஷயத்தை நான் அவரிடம் சொல்ல மறந்திருந்தேன். படம் தொடங்கிய வாரத்திலேயே அவன் வினோத்திடம், காதல் காட்சியில் என் குரலுக்குப் பொருத்தமாகப் பேசிப் பழக வேண்டும், அதைப் பதிந்து கொடுங்கள் என்று கேட்டிருந்தான். தொழிலில் இது சாதாரணம், நாங்கள் எல்லோருமே கேட்டு வாங்குவோம். கொடுக்கலாமா தீதி என்று வினோத் பையா கேட்டார். கொடுங்கள், நன்றாகப் பொருந்தும் என்று சொன்னவள் நான்தான். படமில்லாமல், பின்னணி இசையில்லாமல், என் குரலும் மூச்சும் மட்டும் அவன் போனில் போய்ச் சேர்ந்தது.

நித்யாவின் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டமெல்லாம் இல்லை. மேல்மாடி ஞானம் அம்மாவையும் பியூலா அக்காவையும் மட்டும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ஞானம் அம்மாவின் கணவர்தான் சபைச் செயலாளர், அவர்களும் பியூலா அக்காவும் ஒரே பாடகர் குழு. காலையில் போன் வந்தது. "அறுபது." அறுபதாம் பக்கத்தில் காதலன் பரிசுப் பொட்டலத்தோடு அவள் வீட்டுக்கே வருகிறான், அவள் கணவனோடு உட்கார்ந்து பேசுகிறான். நான் பாயசத்துக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அணைத்துவிட்டு, மறுபடி பற்றவைத்தேன்.

பன்னிரண்டரைக்கு நித்யா ஓடிவந்து, "அம்மா, பாஹர் ஒரு அங்கிள். கிஃப்ட் கொண்டுவந்திருக்கார்!" என்றாள்.

என் கணவர் அவனை அன்பாக வரவேற்று உட்காரவைத்தார். டப்பிங்கில் கூட வேலை செய்பவர் என்று அவருக்குத் தெரியும். அவன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "உங்க மிஸஸுக்கு ரொம்ப நல்ல குரல் சார். நீங்க வீட்டுல தினம் கேக்குறீங்க, உங்களுக்கு அதோட அருமை தெரியாது" என்றான். அது அவன் சொந்தப் பேச்சில்லை. அறுபதாம் பக்கத்தில் மூன்றாவது வரி. அடுத்த வரியும் எனக்குத் தெரியும். நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கேளுங்களேன்" என்று போனை எடுத்து மேசைமேல் வைத்து அழுத்தினான்.

என் மூச்சு கூடம் முழுக்கக் கேட்டது. நடுவில் அவன் குரல். தன் பகுதியையும் பேசி இடையிடையே சேர்த்துவிட்டிருந்தான், இரண்டு பேர் ஒரே அறையில் இருப்பது மாதிரி. பிறகு நான். "செத்த நேரம் இரேன். அவர் வர ஏழு மணியாயிடும்."

ஞானம் அம்மா பிளாஸ்டிக் தட்டைக் கீழே வைத்தார். என் கணவர் நிமிர்ந்து, போனைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் தினமும் ஏழு மணிக்கு வருபவர். நித்யா நடுக்கூடத்தில் பலூனோடு நிற்கிறாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். செத்துப்போனால் தேவலாம் என்று நினைத்தேன்.

அப்போது எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த கரண்டியோடு பியூலா அக்கா வெளியே வந்தார். "ஐயே! எனக்க குரல இஞ்ச கொண்டாந்து போடுகானே, இந்த மனுஷனுக்கு வெவஸ்தையே இல்லியா!" என்றார். "நித்யா மக்கா, நீ போய் பால்கனில பலூனைக் கட்டு" என்று அவளை அனுப்பிக் கதவைச் சாத்தினார். "சார், இது ஒரு இங்கிலீஸ் படம். நான்தான் அந்தப் பொம்பளைக்குப் பேசினேன். மாயவரத்துப் பேச்சு வேணும்னாங்க, சுகந்திகிட்ட கேட்டுப் படிச்சுக்கிட்டேன். இவரு ஆம்பளைக்குப் பேசினாரு. இன்னும் படமே வெளிய வரல்ல, அதுக்குள்ள பிறந்தநாள் வீட்டுல போட்டுக் காட்டுகாரு."

"பொய்!" என்றான் அவன். "சார், இது உங்க மிஸஸ் குரல். உங்களுக்கே தெரியும்."

பியூலா அக்கா கரண்டியை என் கையில் கொடுத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். கூடத்தின் நடுவில், நண்பகல் வெளிச்சத்தில், சபைச் செயலாளரின் மனைவிக்கு எதிரில் நின்றுகொண்டு, கண்ணை மூடினார். தன் புறங்கையில் முத்தமிட்டார். அந்த மூச்சை விட்டார். ஒவ்வொரு மூச்சையும், ஒவ்வொரு முனகலையும், ஒன்றுவிடாமல். பிறகு என் குரலில், என் இழுப்பில், "செத்த நேரம் இரேன். அவர் வர ஏழு மணியாயிடும்" என்றார்.

கண்ணைத் திறந்து, சாதாரணக் குரலில், "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டார். "ஜனக்புரி வீட்டு நம்பரு எனக்குத் தெரியும். உங்க வீட்டம்மாவுக்கும் பேசிக் காட்டட்டா?"

அவன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தான். என் கணவர் வாசல்வரை போய்க் கதவைத் திறந்துவிட்டார். வழியனுப்புவதற்கு அல்ல, அவன் போய்விட்டான் என்பதைப் பார்ப்பதற்கு. திரும்பி வந்து, "என்ன மனுஷன் இவன்! இனிமே இவன் வர்ற எடத்துக்கு நீ போகாதே, சுகி" என்றார். காதெல்லாம் சிவந்திருந்தது அவருக்கு. ஞானம் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, "எனக்குப் பசியில்ல" என்று மாடிக்குப் போய்விட்டார்.

பாத்திரம் கழுவும்போது அக்காவின் கையிலிருந்து தம்ளர் தொட்டியில் விழுந்து உருண்டது. "எனக்கும் பயந்தான் பிள்ளே" என்றார். "வாயத் தொறக்கும்போ கால் ரெண்டும் இல்லாத மாதிரி இருந்துது. பயம் போன பொறவு பேசலாம்னு நின்னா பேசவே முடியாது, பாத்துக்க."

அதோடு அவன் தொலைந்தான். மாற்றல் கேட்டுக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று தெரியாது. தெரியாததால்தான் இன்றும் பயம்.

தொலைந்த பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் குற்றவாளி அவன் இல்லை. அக்கா ஸ்டூடியோவில் பேசி, படத்தின் முடிவில் ஓடும் தமிழ்க்குரல் பட்டியலில் கதாநாயகிக்கு நேராகத் தன் பெயரைப் போடச் செய்தார். என் கணவர் என்றாவது பார்க்கக்கூடும் என்று அவருக்கு எண்ணம். என் கணவர் பார்க்கவில்லை, சபையில் பார்த்தார்கள். "கொஞ்ச நாள் பாட வேண்டாம் சிஸ்டர், சின்னப் பிள்ளைகள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஏழு வருடம் நீண்டது. ஊரில் சின்ன வயதிலிருந்தே பாடகர் குழுவில் நின்றவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "பின்னால உக்காந்தா ஃபேன் காத்து நல்லா வருகு" என்பார் என்னிடம். ஒரே ஒரு தடவை, நான் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "உனக்க பிள்ள வளரட்டும். சும்ம கிட" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி! மறுபடி நான் கேட்கவே இல்லை.

இரங்கல் கூட்டத்துக்கு நானும் என் கணவரும் போயிருந்தோம். ஞானம் அம்மா பேசினார். பொய்யாக அழவில்லை, மனதார அழுதார். அவருடைய பிரசவத்தில் பியூலா அக்கா கூட இருந்ததைச் சொன்னார். கடைசியில், "ஒரே ஒரு தடவ சறுக்கிட்டா. அதையும் கர்த்தர் மன்னிச்சிருப்பார்" என்றார். பல தலைகள் அசைந்தன. முன்னால் இருந்த நாற்காலியை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். எழுந்திரு, எழுந்திரு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எழவில்லை. "பாவம், எவ்வளவு நல்லவங்க" என்று என் கணவர் என் காதருகே சொன்னார். தலையை ஆட்டினேன்.

அதனால் எழுதினேன். எழுதியதை நேற்றுக் காலை என் கணவரிடம் கொடுத்தேன். ஜன்னலருகே நின்றுகொண்டே படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். மடித்து மேசைமேல் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனார். ஏழு மணிக்கு வரவில்லை, எட்டரைக்கு வந்தார். இன்று காலை காபி அவரே போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு தம்ளர் மூடி வைத்திருந்தார். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. நித்யாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அவளுக்கு இதை நான் என் வாயால் சொல்ல வேண்டும். சாயங்காலம் கோச்சிங் முடிந்து வருவாள்.

போனவரிடமிருந்து தன்னிடம் என்ன இருக்கிறது என்று எழுதி இப்படிப்பட்ட கட்டுரைகளை முடிப்பார்கள். என்னிடம் இருந்தது பியூலா அக்காவின் நல்ல பெயர். ஏழு வருடம் அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்தேன். அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. சபையாரே, ஞானம் அம்மா, உங்கள் பியூலா சறுக்கவில்லை. படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பேசியது நான். படத்துக்கு வெளியே அந்தப் பெண்ணாக இருந்ததும் நான்தான்.

சுகந்தி ராமநாதன்,
கிட்வாய் நகர்.